புரூக்ளைன் புற்றரையில் மூவர்



கோல்ப் என்னும் விளையாட்டை அருகில் நின்று பார்த்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. நுவரெலியாவுக்குச் சென்று மீண்டவர்கள், மலைகளின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற ஒரு வெளியையும், அதிலே சிலர் தடியும் கையுமாக நடந்து திரிவதையும், அவர்களுக்குப் பின்னே ஒருவன் நீண்ட பையொன்றைச் சுமந்து செல்வதையும் கண்டிருப்பர். காண்பவனுக்கு அது விளையாட்டாகவே தோன்றாது. கனவான்கள் சிலர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றே எண்ணத் தோன்றும். ஆயினும் அதன் விதி எளியது. சிறு பந்தொன்றைத் தடியால் அடித்து, பல நூறு யார் தூரத்திலுள்ள ஒரு குழியில் வீழ்த்தவேண்டும். இவ்வாறு 18 குழிகள். எல்லாவற்றையும் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். ஒருவரது பந்தை மற்றவர் மறிப்பதில்லை, தடுப்பதுமில்லை. தன் அடியைத் தானே அடித்து, அதன் பலனைத் தானே அனுபவிக்கவேண்டும்.

இவ்விளையாட்டின் வரலாற்றிலே 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நடந்த ஒரு போட்டி தனியிடம் பெற்றிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் திறந்த கோல்ப் போட்டி அது. நடந்த இடம், மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பொஸ்டன் நகரை அடுத்துள்ள புரூக்ளைன் என்னும் ஊர். அங்கே 'கன்ட்றி கிளப்' எனப்படும் செல்வர் சங்கத்தின் மைதானம்.

அக்காலத்தில் கோல்ப் விளையாட்டின் தாயகம் பிரித்தானியாவே. அமெரிக்காவுக்கு அது வந்து சேர்ந்து சில பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்கத் திறந்த போட்டியிலும் 1910 வரை வென்றவர்கள் யாவரும் பிரித்தானியாவிற் பிறந்தவர்களே. 1911இலும் 1912இலும் ஜோன் மக்டெர்மொற் என்னும் அமெரிக்க இளைஞன் வென்று அவ்வழக்கத்தை மாற்றினான். இதனைச் சொல்லிவைப்பது அவசியம். ஏனெனில், 1913இல் வென்றவனே முதல் அமெரிக்கன் என்று பலர் பிழையாகக் கூறுவதுண்டு. அவன் பெற்ற சிறப்பு வேறு.

அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து இருவர் கப்பலேறி வந்தனர். ஒருவர் ஹரி வார்டன். பிரித்தானியத் திறந்த போட்டியை அதற்குள் ஐந்து முறை வென்றிருந்தவர். 1900இல் அமெரிக்கப் போட்டியையும் வென்று சென்றவர். தடியைப் பிடிப்பதற்கு அவர் கைக்கொண்ட முறை இன்றளவும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மற்றவர் எட்வேட் ரே. 1912இல் பிரித்தானியப் போட்டியை வென்றவர். பருத்த உடலும், வாயிலே எப்போதும் புகைக்குழாயும் உடையவர்; பந்தை அடித்தால் அது கண்ணுக்கு எட்டாத தூரம் செல்லும். இவ்விருவரையும் அனுப்பிவைத்தவர், இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் அதிபர் நோர்த்கிளிப் பிரபு. வழமையாக ஆனி மாதத்தில் நடக்கவேண்டிய போட்டி, இவர்கள் வந்து சேரும்பொருட்டுச் செப்டெம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது. விருந்தாளிகள் வந்து கிண்ணத்தை எடுத்துச் செல்லட்டும் என்று காத்திருந்தது போலவே அது காணப்பட்டது.

இனி, மூன்றாமவனைப் பார்ப்போம்.

கன்ட்றி கிளப் மைதானத்தின் 17ஆம் குழிக்கு எதிரே, வீதியின் மறுபுறத்தில் ஒரு சிறிய மரவீடு இருந்தது. அதிலே ஆதர் வீமெற் என்னும் தோட்டக்காரர் குடியிருந்தார். கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு இனத்தவர். மனைவி ஐரிஷ் குலத்தவர். அவர்கள் மகன் பிரான்சிஸ், 1893ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி பிறந்தவன். பாடசாலைக்குப் போகும் வழியிலே மைதானத்தின் புல்லுக்குள் தவறிக்கிடந்த பந்துகளைப் பொறுக்கிச் சேர்த்தான். பந்து சேர்ந்தது, அடிப்பதற்குத் தடி இல்லை. சேர்த்த பந்துகளைக் கொடுத்து ஒரு தடியை மாற்றிக்கொண்டான். அவனும் தமையன் வில்பிரட்டும் வீட்டின் பின்புறத்து மேய்ச்சல் நிலத்திலே மூன்று குழிகள் கொண்ட ஒரு மைதானத்தைத் தாமே அமைத்தனர். தக்காளி அடைத்துவரும் வெற்றுத் தகரங்களே அவர்களுடைய குழிகள். கல்லும் முள்ளும் சதுப்பும் நிறைந்த அந்நிலத்தில் ஆடிப் பழகியவனுக்கு, எதிரேயுள்ள செல்வர் மைதானம் எத்துணை எளிதாய்த் தோன்றியிருக்கும்!

11ஆம் வயதில் அந்தச் செல்வர் மைதானத்திலேயே பை சுமக்கப் புகுந்தான். ஆடுபவரின் தடிகள் கொண்ட பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதும், பந்து எங்கே வீழ்ந்தது என்று பார்த்துச் சொல்வதும் இச்சிறுவர்களின் வேலை. தந்தைக்கோ இவ்விளையாட்டுப் பித்து ஒருசிறிதும் பிடிக்கவில்லை. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது உதவாது என்பது அவர் எண்ணம். அதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. 1910இல், தொழில்முறை சாராதவர்களுக்கான தேசியப் போட்டியிற் சேர விரும்பினான் பிரான்சிஸ். அதற்கு ஏதேனும் ஒரு சங்கத்தில் உறுப்பினனாக இருத்தல் வேண்டும். சேருவதற்கு 25 டொலர். தாயிடம் கடனாக வாங்கினான். அக்கடனைத் தீர்ப்பதற்காகத் துணிக்கடை ஒன்றிலே கிழமைக்கு 4 டொலர் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தான். பின்னர் பொஸ்டனில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் ரைட் அன்ட் டிற்சன் என்னும் கடையில் விற்பனையாளன் ஆனான்.

1913இல் அவன் மசச்சூசெற்ஸ் மாநிலப் போட்டியை வென்றான். தொடர்ந்து நடந்த தேசியப் போட்டியில், பின்னர் அதனையே வென்ற ஜெரோம் டிராவர்ஸ் என்பவரிடம் கடுமையாகப் போராடித் தோற்றான். அவனது ஆட்டத்தைக் கண்ட ஐக்கிய நாடுகளின் கோல்ப் சங்கத் தலைவர், திறந்த போட்டியிலும் பங்குபற்றுமாறு தூண்டினார். ஆனால், அவன் அதற்குள் விடுமுறை எடுத்து முடித்திருந்தான். மீண்டும் கேட்கத் தயங்கினான். பத்திரிகையிலோ போட்டியாளர் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது. வார்டனையும் ரேயையும் பார்த்துவர அனுமதி தந்தாற் போதும் என்று கடை முகாமையாளரிடம் அவன் கேட்க, பெயர் கொடுத்தாயிற்று, இனிப் போய் ஆடத்தான் வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவனது பையைச் சுமக்க வேண்டியவன் ஜாக் லௌரி என்னும் சிறுவன். அன்று பாடசாலை நாள். பள்ளிக்கு ஒளித்துத் திரியும் பிள்ளைகளைப் பிடிக்கும் உத்தியோகத்தர் ஜாக்கைப் பிடித்துவிட்டார். அவனுக்குப் பதிலாக, அவன் தம்பி எடி, அண்ணனைப் போலவே பள்ளிக்கு ஒளித்து, டிராம் வண்டியேறி வந்து சேர்ந்தான். எடிக்கு வயது 10. உயரம் 4 அடி அளவே. தோளிலே மாட்டிய பை ஏறக்குறைய அவன் உயரத்துக்கு இருந்தது. பாடசாலை ஒழுங்கைப் பேணும் எவரும் இச்செயலைப் பாராட்ட முடியாது. ஆனால், அன்று அந்த உத்தியோகத்தர் இரு சகோதரரையும் பிடித்திருந்தால், இச்சரித்திரம் எவ்வாறு முடிந்திருக்கும் என்று எண்ணிப்பாராமலும் இருக்க முடியாது.

தகுதிகாண் ஆட்டத்தில் வார்டன் 151 அடிகளில் முடித்தார், பிரான்சிஸ் 152. சிலர் சற்றே நிமிர்ந்து பார்த்தனர், அவ்வளவே. செப்டெம்பர் 18ஆம் திகதி உண்மையான போட்டி தொடங்கிற்று. 18 குழிகள் கொண்ட சுற்றுக்கள் நான்கு, நாளொன்றுக்கு இரண்டு. முதல்நாள் முடிவில் வார்டன் 147, ரே 149, பிரான்சிஸ் 151. மறுநாட் காலை மழை. மூன்றாம் சுற்று முடிந்து எண்ணிப் பார்த்தபோது வார்டன் 225, ரே 225, பிரான்சிஸ் வீமெற் 225. உலகம் அறிந்த வீரர் இருவரும், கடையில் பந்து விற்கும் 20 வயது இளைஞனும் ஓரடியும் கூடாமற் குறையாமல் ஒரே எண்ணிக்கையில் நின்றனர்.

கடைசிச் சுற்றில் மழை வலுத்தது. நனைந்த புல்லிலே பந்து ஓட மறுத்தது. ரே முதலில் முடித்தார், 79 அடிகள். அவரது தரத்துக்கு அது நல்ல ஆட்டமன்று. பின்னர் வார்டன் வந்தார், அவருக்கும் 79. ஆக, இருவரும் 304. பிரான்சிஸ் அப்போது மைதானத்தின் அப்பால் ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய நிலையோ இரங்கத்தக்கதாய் இருந்தது. முதல் 9 குழிகளுக்கு 43 அடிகள். 10ஆம் குழி மிகக் குறுகியது. 3 அடிகளில் முடியவேண்டியது. அவனுக்கு 5 ஆயிற்று. 12ஆம் குழியும் அவ்வாறே ஓரடியை விழுங்கிற்று. மீதி 6 குழிகள். அவற்றை 22 அடிகளில் முடித்தால் மட்டுமே இருவரையும் எட்டிப் பிடிக்கலாம். வல்ல ஆட்டக்காரனுக்கும் அந்த 6 குழிகளுக்கு 24 அடிகள் வேண்டும் என்பது கணக்கு. அந்த மழையிலே இரண்டு அடிகளை எங்கிருந்து மீதம் பிடிப்பது?

13ஆம் குழியில், புற்றரையின் ஓரத்திலிருந்து தட்டிவிட்ட பந்து நேரே உருண்டு குழிக்குள் வீழ்ந்தது. ஓரடி மீதம். 14, 15, 16ஆம் குழிகளை ஒருவாறு காப்பாற்றிக் கடந்தான். அடுத்தது 17ஆம் குழி. அவன் வீட்டுக்கு எதிரே உள்ள குழி. புற்றரையில் வந்து நின்ற பந்துக்கும் குழிக்கும் இடையே ஏறக்குறைய 20 அடி தூரம். பக்கத்து வீதியிலே மோட்டார் வண்டிகள் நெருங்கி நின்று ஊதுகுழல்களை ஒலித்தவண்ணம் இருந்தன. அவன் தடியை அசைத்தான். பந்து சென்று குழியின் பின்விளிம்பில் மோதி உள்ளே வீழ்ந்தது. கூட்டம் எழுப்பிய ஆரவாரம் மைதானம் முழுவதும் கேட்டது. வண்டிகளின் ஓசை தன் காதில் விழவேயில்லை என்று பிற்காலத்தில் அவன் கூறினான். கடைசிக் குழியிலும் சிறிது தூரத்துப் பந்து ஒன்று எஞ்சியிருந்தது. அதனையும் தயங்காது வீழ்த்தினான். 79 அடிகள், மொத்தம் 304. மூவரும் மீண்டும் சமம். மறுநாள் 18 குழிகள் ஆடித் தீர்ப்பதென்று முடிவாயிற்று.

செப்டெம்பர் 20, சனிக்கிழமை. அன்றும் மழையும் மூடுபனியும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு சிறு சம்பவம் நிகழ்ந்தது. இத்துணைப் பெரிய ஆட்டத்துக்கு ஒரு குழந்தையா பை சுமப்பது, மைதானத்தை நன்கறிந்த பெரியவர் ஒருவர் சுமக்கட்டுமே என்று பிரான்சிஸின் நண்பர் ஒருவர் முன்வந்தார். எடிக்குப் பணமும் தருவதாகச் சொன்னார். எடி பணத்தை ஏற்கவில்லை, கண்கள் கலங்கின. பிரான்சிஸ் அச்சிறுவனின் முகத்தைப் பார்த்தான். எடியே சுமப்பான் என்று சொல்லிவிட்டான். ஒருகாலத்தில் அதே மைதானத்தில் தானும் பை சுமந்தவன் அல்லவா!

முன்னைய சம்பியன் மக்டெர்மொற் அவனருகே வந்து, அவ்விருவரையும் பாராதே, உன் ஆட்டத்தை மட்டும் ஆடு என்று புத்தி சொன்னான். அவன் போட்ட அடிகளைக் குறித்துக்கொள்ளும் பணியை ஏற்று உடன் நடந்தவர், 'டைம்ஸ்' பத்திரிகையின் கோல்ப் எழுத்தாளர் பேர்ணாட் டார்வின். உயிர்களின் தோற்றம்பற்றி எழுதிய சாள்ஸ் டார்வினின் பேரர். தம் நாட்டவர் இருவருக்கு எதிராக ஆடும் இளைஞனின் கணக்கை ஓர் ஆங்கிலேயர் நேர்மையோடு குறித்து வந்தார்.

முதற் குழியில் மூவருக்கும் 5. அங்கே ஒரு சிறு அடியை எவ்விதப் பதற்றமுமின்றி வீழ்த்திய பின்னரே, தனக்கு அச்சமில்லை என்பதைப் பிரான்சிஸ் உணர்ந்தானாம். 5ஆம் குழியில், ஈரத்திலே தடி கைநழுவிப் பந்து எல்லைக்கு வெளியே போயிற்று. வேறொருவன் ஆயின் அங்கேயே உடைந்திருப்பான். அவன் வேறு பந்தை இட்டு அடித்தான். அது புற்றரையிற் சென்று நின்றது. மற்ற இருவரும் அக்குழியில் நன்றாக ஆடாமையால், மூவருக்கும் 5 என்றே முடிந்தது. 9 குழிகள் முடிந்தபோது மூவருக்கும் 38. நான்கு சுற்றுக்களும் பாதியும் கடந்தும் தராசு எப்பக்கமும் சாயவில்லை.

10ஆம் குழியில், முதல்நாள் அவனை வஞ்சித்த அதே குறுங்குழியில், பிரான்சிஸ் 3 அடிகளில் முடித்தான், மற்றவர்கள் 4. முதன்முறையாக அவன் முன்னே சென்றான். 12ஆம் குழியில் இன்னும் ஓரடி முந்தினான். 13இல் வார்டன் ஒன்றைத் திருப்பிப் பிடித்தார். 15இல் ரே 6 அடிகள் எடுத்துப் பின்தங்கினார். இப்போது போட்டி பிரான்சிஸுக்கும் வார்டனுக்கும் இடையேதான். ஓரடி வித்தியாசம், இரண்டு குழிகள் மீதி.

17ஆம் குழிக்குச் செல்லும் பாதை இடப்புறமாக வளைவது. வளைவின் மூலையிலே ஒரு மணற்குழி. நேரே சென்றால் தூரம் கூடும், மூலைக்கு மேலாக அடித்தாற் குறையும், தவறினால் மணலுக்குள். வார்டன் மூலையைக் குறிவைத்தார். தம் வாழ்நாளில் அத்தகைய அடியை எண்ணற்ற முறை வெற்றியோடு அடித்தவர் அவர். அன்று பந்து மணற்குழியில் வீழ்ந்தது. அதிலிருந்து நேரே முன்னோக்கி அடிக்க வழியில்லை, பக்கவாட்டில் வெளியேற்றவேண்டியதாயிற்று. அவருக்கு 5 அடிகள். பிரான்சிஸோ, தன் வீட்டு வாயிலின் எதிரே, முதல்நாள் செய்தது போலவே 3 அடிகளில் முடித்தான். கடைசிக் குழியில் வார்டனின் மனம் தளர்ந்தது, 6 அடிகள். பிரான்சிஸ் 4. ரே மட்டும் 3 அடிகளில் முடித்தார். அது காலங்கடந்த 3.

முடிவு: வீமெற் 72, வார்டன் 77, ரே 78.

மக்கள் ஓடிவந்து அவனைத் தோள்மேல் தூக்கினர். சிறுவன் எடிக்காகத் தொப்பியை நீட்டிப் பணம் சேர்த்தனர். வெற்றிபெற்றவன் தொழில்முறை ஆட்டக்காரன் அல்லன் ஆகையால், பரிசுப் பணத்தை அவன் தொட முடியாது. அது வார்டனுக்குச் சென்றது. திறந்த போட்டியை அவ்வாறு தொழில்முறை சாராத ஒருவன் வென்றது அமெரிக்காவில் அதுவே முதன்முறை. அவனது உண்மைச் சிறப்பு இதுவே. அன்றுவரை செல்வரின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கி நின்ற பொதுமக்கள், தோட்டக்காரன் மகன் வென்றான் என்ற செய்தியைப் பத்திரிகைகளின் முதற்பக்கத்திற் கண்டபின் இவ்விளையாட்டின்பால் திரும்பலாயினர்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஏழை இளைஞன் ஒருவன் இரு பெருமக்களை வென்றதாகவே சொல்லி முடித்துவிடுவர். அது வார்டனுக்கும் ரேக்கும் செய்யும் அநீதி. அவ்விருவரும் ஜேர்சி என்னும் சிறு தீவிற் பிறந்தவர்கள். வார்டனின் தந்தையும் தோட்டக்காரரே! வார்டனும் இளமையில் பை சுமந்து, தோட்டவேலை செய்து உயர்ந்தவரே. 1903ஆம் ஆண்டில் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. உயிர் பிழைத்து மீண்டும் ஆடவந்தபோதும், குழிக்கருகே நின்று சிறு பந்தைத் தட்டும் வேளையில் வலக்கை நடுங்கும் குறை அவரைவிட்டு நீங்கவில்லை. புரூக்ளைனில் ஆடியவர் அந்த நடுங்கும் கையோடுதான் ஆடினார். அத்தனை வெற்றிகளைப் பெற்றும், தொழில்முறை ஆட்டக்காரர் என்ற காரணத்தால், சங்க மாளிகைகளின் முன்வாயில் அவருக்கு மூடியே இருந்தது. அக்கால வழக்கம் அவ்வாறு; பந்தயம் ஆடலாம், உள்ளே அமர்ந்து உணவருந்த இயலாது. 1920இல் ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் இன்வர்னெஸ் சங்கம் முதன்முறையாக அவ்வாயிலைத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. அங்கு அவ்வாண்டு நடந்த திறந்த போட்டியை வென்றவர் எட்வேட் ரே. வார்டன் தமது 50ஆம் வயதில் ஓரடி வித்தியாசத்தில் அதனைத் தவறவிட்டார்.

வெற்றிபெற்ற வீமெற்றின் பாதையும் மலர் தூவியதாக இருக்கவில்லை. 1914இல் தொழில்முறை சாராதோர் தேசியப் போட்டியையும் வென்றான். 1916இல் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றை நண்பருடன் சேர்ந்து தொடங்கியதும், விளையாட்டின் பெயரால் வருவாய் தேடுகிறான் என்று கூறி, அவனைப் போட்டிகளில் ஆடத் தூண்டிய அதே தேசிய கோல்ப் சங்கம் அவன் தகுதியைப் பறித்தது. பரம்பரைச் செல்வம் உடையவன் கடை வைக்கவேண்டியதில்லை. ஆகவே இவ்விதி எவரை நெரித்தது என்பது வெளிப்படை. உலகப்போரில் அவன் படையிற் சேர்ந்தபின், 1918இல் அத்தகுதி திருப்பி அளிக்கப்பட்டது. 1931இல், 38ஆம் வயதில், தேசியப் போட்டியை மீண்டும் வென்றார். 1951இல் ஸ்கொத்லாந்தின் சென்ற் அன்றூஸ் நகரிலுள்ள றோயல் அன்ட் ஏன்சியன்ற் சங்கம் தன் தலைவராக அவரைத் தேர்ந்தது. அப்பதவியில் அமர்ந்த முதல் அமெரிக்கர் அவரே.

1949இல் நண்பர்கள் சிலர் அவர் பெயரால் ஓர் உதவி நிதியை ஏற்படுத்தினர். மசச்சூசெற்ஸ் மைதானங்களிலே பை சுமக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்று கற்பதற்கானது அது. 1967இல் வீமெற் இறந்தபின்னரும் அந்நிதி வளர்ந்து, இன்றும் மாணாக்கருக்கு உதவி வருகிறது.

எடி லௌரி வளர்ந்து கலிபோர்னியாவுக்குச் சென்று, மோட்டார் வண்டி வாணிகத்திற் பெருஞ்செல்வர் ஆனார். தாமும் இளம் ஆட்டக்காரர் பலரை ஆதரித்தார். அவர் இறந்தது 1984இல். இருவரும் இறுதிவரை நண்பர்களாகவே இருந்தனர். நெடிய இளைஞன் ஒருவன் முன்னே நடக்க, பையைச் சுமந்த சிறுவன் அவனுடன் விரைந்து நடக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. 1995இல் ஐக்கிய நாடுகளின் கோல்ப் சங்கம் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, சின்னமாக எடுத்துக்கொண்டது அவ்விருவரின் உருவத்தையே. 17ஆம் பாதையின் வளைவிலுள்ள மணற்குழிக்கோ, வார்டனின் பெயர் நிலைத்துவிட்டது.